வெள்ளி மை அச்சில் என்ன கோளாறு? டெல்டாவின் ஈரத்தில் அச்சடிப்பவர்களுக்கு, அறிகுறி வாரியாக

வளையும் பிளாஸ்டிக் ஷீட்டிலோ இழுபடும் ரப்பரிலோ வெள்ளி நானோ மையால் சர்க்யூட் அடிப்பவர்கள், கோளாறு வந்ததும் முதலில் சொல்வது "மை சரியில்லை" என்பதுதான். உடனே வேறு பாட்டிலுக்கு ஆர்டர் போடுவார்கள். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் பக்கத்துக் கல்லூரி புராஜெக்ட்டுகளில் நான் பார்த்தவரை, மை குற்றவாளியாக இருப்பது அபூர்வம். ஷீட்டின் மேற்பரப்பு, கழுவிய தண்ணீர், அறையின் ஈரம், கொடுத்த சூடு, இந்த நான்கில் ஏதோ ஒன்றில்தான் விஷயம் இருக்கும். வெள்ளி மை மலிவான சரக்கும் இல்லை. ஆகவே புதுப் பாட்டில் கடைசி வழியாக இருக்கட்டும்.

கையில் இருக்க வேண்டியவை: மல்டிமீட்டர், கணினியில் மாட்டும் சின்ன மைக்ரோஸ்கோப், ஈரப்பதம் காட்டும் மீட்டர், ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், டிமினரலைஸ்டு தண்ணீர் (பேட்டரிக்கு ஊற்றுவது போதும்), ஓவனுக்குள் வைக்கத் தனியாக ஒரு தெர்மாமீட்டர். தெர்மாமீட்டரை விட்டுவிடாதீர்கள். வீட்டு ஓவனின் குமிழில் 120 என்று இருந்தால் உள்ளே 120 இருக்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை.

ஹெட்டிலிருந்து மை வரவில்லை, அல்லது கோடு விட்டுவிட்டு வருகிறது

சாதாரண இங்க்ஜெட் பிரிண்டரை மாற்றி எடுத்துக்கொண்டவர்களுக்கு இதுதான் முதல் தலைவலி. எப்சன், பிரதர் வகைகளில் ஹெட் பீசோ முறையில் (மின்சாரம் கொடுத்தால் நெளியும் துண்டு மையைத் தள்ளும்) இயங்கும், மையைச் சூடாக்காது. எச்பி, கேனன் இங்க்ஜெட்டுகள் சூட்டால் குமிழி உண்டாக்கி மையைத் தள்ளுபவை. அந்தச் சூட்டில் வெள்ளி ஹெட்டுக்குள்ளேயே படிந்துவிட வாய்ப்பு உண்டு. 2013இல் டோக்கியோ பல்கலைக்கழகத்தில் யோஷிஹிரோ கவஹாராவும் கூட்டாளிகளும் கடையில் கிடைக்கும் பிரிண்டரிலேயே சர்க்யூட் அடித்துக் காட்டியபோது எடுத்ததும் பிரதர் பிரிண்டரைத்தான்.

நாசிலின் (ஹெட்டில் மை வெளிவரும் வாய்) துளை பொதுவாக ஏறக்குறைய 20 மைக்ரான் அகலம் இருக்கும். மையில் உள்ள துகள் அந்தத் துளையில் 50இல் ஒரு பங்குக்கு மேல் பெரிதாக இருக்கக் கூடாது என்பது இந்தத் தொழிலில் நடைமுறைக் கணக்கு. நானோ துகள் மை இதில் தேறிவிடும். வெள்ளி நானோ கம்பி தேறாது. அதன் தடிமன் சில பத்து நானோமீட்டர்தான் என்றாலும் நீளம் 10, 20 மைக்ரான், சில சமயம் அதற்கும் மேல். அதை இங்க்ஜெட்டில் ஊற்றிவிட்டு அடைத்துக்கொண்டது என்று வருத்தப்பட்டுப் பயனில்லை. ஸ்கிரீனுக்கோ ஸ்பிரேக்கோ போய்விடுங்கள். நீளத்தைக் குறைக்கிறேன் என்று அல்ட்ராசானிக் தொட்டியில் ரொம்ப நேரம் வைத்தால் கம்பிகள் துண்டு துண்டாகி, நானோ கம்பி வாங்கியதற்கே அர்த்தம் இல்லாமல் போகும்.

துகள் மைதான் ஊற்றினீர்கள், அப்படியும் அடைக்கிறது என்றால் அடுத்த கேள்வி: ஹெட்டை எந்தத் தண்ணீரில் கழுவினீர்கள்? நாகை, வேதாரண்யம் பக்கம் போர் தண்ணீரை வாயில் வைத்தாலே உப்பு தெரியும். அதில் உள்ள குளோரைடு, வெள்ளித் துகளைச் சுற்றியிருக்கும் பாதுகாப்புப் படலத்தைக் கழற்றிவிடும். படலம் போனதும் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும், அதுவும் நாசிலுக்குள்ளேயே. ஒருமுறை அப்படி ஒட்டிவிட்டால் அந்த ஹெட் பிழைப்பது கஷ்டம். கழுவுவது, நனைப்பது, நீர்க்கச் செய்வது எல்லாம் டிமினரலைஸ்டு தண்ணீரில்தான். மை பாட்டிலோடு கழுவும் திரவம் கொடுத்திருந்தால் இன்னும் நல்லது.

இன்னொன்று, ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த பாட்டிலை உடனே திறப்பது. நம் ஊர்க் காற்று பட்டதும் குளிர்ந்த பாட்டிலில் தண்ணீர் முத்து கோக்கும், மூடியைத் திறந்தால் அது மைக்குள் இறங்கும். அறை வெப்பத்துக்கு வரும்வரை மூடியே வைத்திருந்து, மெதுவாகப் புரட்டி, 0.45 மைக்ரான் சிரிஞ்ச் ஃபில்டரில் வடித்து ஊற்றுங்கள். நானோ கம்பி மையை மட்டும் இந்த ஃபில்டரில் வடிக்கக் கூடாது. கம்பி முழுக்க ஃபில்டரில் தங்கி, வெறும் திரவம்தான் கீழே வரும்.

மை பரவாமல் முத்து முத்தாகத் திரள்கிறது

ஷீட்டின் மேற்பரப்பு மையை ஏற்கவில்லை. இங்க்ஜெட் மையின் பரப்பு இழுவிசை மீட்டருக்கு ஏறக்குறைய 30 மில்லிநியூட்டன். பிடிஎம்எஸ் எனும் சிலிக்கோன் ரப்பரின் பரப்பு ஆற்றலோ 20 அளவில்தான். அதன் மேல் மை எப்படிப் பரவும்?

ஒரு சொட்டுத் தண்ணீரை விட்டுப் பாருங்கள். ஷீட் முழுக்க எங்கே விட்டாலும் உருண்டையாக நின்றால் பொருளின் குணமே அதுதான். மை ஒட்டும்படி மேற்பரப்பை மாற்றும் பிளாஸ்மாவோ யூவி ஓசோனோ கொடுத்தாக வேண்டும். சில இடத்தில் பரவி, சில இடத்தில் உருண்டு நின்றால் அது கைரேகை. தலைக்குத் தேங்காய் எண்ணெய் தடவிய கையால் ஷீட்டைப் பிடித்தால் அந்த விரல் தடம் அப்படியே அச்சில் தெரியும். ஆல்கஹாலில் நனைத்த பஞ்சில்லாத துணியால் ஒரே திசையில் துடைத்து, கையுறை போட்டு, ஓரத்தை மட்டும் பிடியுங்கள்.

பிளாஸ்மா கொடுத்த சிலிக்கோன் அப்படியே இருந்துவிடாது. நேரம் ஆக ஆகப் பழையபடி தண்ணீரைத் தள்ளத் தொடங்கும். பல்கலைக்கழகத்தில் பிளாஸ்மா கொடுத்து, பஸ்ஸில் ஊருக்குக் கொண்டுவந்து, மறுநாள் அடிப்பதெல்லாம் வேலைக்கு ஆகாது. கொடுத்த கையோடு அதே இடத்தில் அடியுங்கள். வசதி இல்லையென்றால் சிலிக்கோனை விட்டுவிட்டு டிபியூ (இழுபடும் பாலியூரித்தேன் பிளாஸ்டிக்) ஷீட்டுக்கு மாறுவதே என் யோசனை. அது அவ்வளவாக அடம்பிடிக்காது.

கோட்டின் ஓரம் தடித்து, நடு வெளிறியிருக்கிறது

காபி வளையம். சொட்டின் ஓரம் முதலில் காய்வதால், உள்ளே இருக்கும் துகள்கள் ஓரத்தை நோக்கி ஓடிப் படிகின்றன. 1997இல் டீகனும் சகாக்களும் இதன் காரணத்தை விளக்கினார்கள். சீக்கிரம் காயட்டும் என்று ஷீட்டுக்கு அடியில் சூடு வைக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. அது வளையத்தை இன்னும் மோசமாக்கும். சூட்டைக் குறையுங்கள். மையில் எத்திலீன் கிளைக்கால் போல மெதுவாகக் காயும் கரைப்பான் கொஞ்சம் சேர்ப்பதும் உதவும், தயாரிப்பாளர் அனுமதித்தால்.

கோடு சீராக இல்லாமல் இடையிடையே வயிறு தள்ளியிருந்தால் சொட்டுகள் நெருக்கமாக விழுகின்றன. தனித்தனி வட்டமாகத் தெரிந்தால் இடைவெளி அதிகம். அமைப்பில் மாற்றிவிடலாம்.

அச்சு கண்ணாடி மாதிரி இருக்கிறது, மின்சாரம்தான் ஓடவில்லை

அதிகம் பேர் வந்து நிற்கும் இடம் இது. முதலில், எவ்வளவு வர வேண்டும் என்று கணக்குப் போட்டீர்களா? கோட்டின் நீளத்தை அகலத்தால் வகுங்கள். 60 மில்லிமீட்டர் நீளம், 2 மில்லிமீட்டர் அகலம் என்றால் 30 சதுரம். மையின் தாளில் சதுரத்துக்கு 0.2 ஓம் என்று போட்டிருந்தால் 6 ஓம் எதிர்பார்க்கலாம். மீட்டரில் 9 காட்டினால் சந்தோஷப்படுங்கள். சில நூறு ஓம் என்றால் படலம் மெலிதாக விழுந்திருக்கிறது அல்லது சூடு போதவில்லை. கிலோ ஓமில் போனால் துகள்கள் ஒட்டவே இல்லை. ஒன்றுமே காட்டவில்லை என்றால் எங்கோ அறுந்திருக்கிறது. ஒரு முனையில் ஒரு கம்பியை வைத்து, மற்றதைப் பாதி, கால் என்று நகர்த்தினால் இடம் சிக்கும்.

மீட்டரின் கூர்முனையை நேரடியாக அச்சில் அழுத்தாதீர்கள், படலம் கிழியும். முனைகளில் வெள்ளிப் பசை ஒரு பொட்டு வைத்து, காய்ந்ததும் அதன்மேல் அளவெடுங்கள். மீட்டரின் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டுப் பார்த்து, மீட்டர் வயரின் சொந்தத் தடையைக் கழித்துக்கொள்ளுங்கள். ஒரு ஓமுக்குக் கீழே அளக்க வேண்டுமானால் நான்கு முனை முறைதான் (இரண்டு முனையில் மின்சாரம் விட்டு, வேறு இரண்டில் அளப்பது) சரி.

சரி, தடை நிஜமாகவே அதிகம். ஏன்? மையில் இருக்கும் ஒவ்வொரு வெள்ளித் துகளும் கரிமப் படலம் ஒன்றைப் போர்த்திக்கொண்டிருக்கிறது. பாட்டிலில் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் காப்பது அதுதான். அச்சடித்த பிறகோ அதுவே மின்சாரத்துக்குத் தடை. அதை விலக்கி, துகள்கள் கழுத்தோடு கழுத்து ஒட்டும்படி செய்வதுதான் சின்டரிங். வெள்ளிக் கட்டி உருக 961 டிகிரி வேண்டும். நானோ அளவில் 120, 150 டிகிரியிலேயே ஒட்டத் தொடங்கிவிடும். நிறமே சொல்லும். அடித்தபோது பழுப்போ கருமையோ கலந்திருந்த கோடு, ஒட்டிய பிறகு வெள்ளிப் பளபளப்புக்கு வரும்.

சிக்கல், ஷீட் அந்தச் சூட்டைத் தாங்குமா என்பதில். பாலிஇமைடு (அதிகச் சூடு தாங்கும் பிளாஸ்டிக் ஷீட்) தாங்கும், கவலையே இல்லை. ஓஎச்பி ஷீட் வகைப் பாலியெஸ்டர் 120 டிகிரியைத் தாண்டினால் சுருங்கி நெளியும். வெற்று ஷீட்டை, அச்சடிப்பதற்கு முன்பே, பிறகு கொடுக்கப்போகும் அதே சூட்டில் அரை மணி வைத்து எடுங்கள். சுருங்க வேண்டியதெல்லாம் அப்போதே சுருங்கிவிடும். அதற்கப்புறம் அடித்தால் கோடு வெடிக்காது.

சூடே கொடுக்க முடியாது என்றால் உப்பு இருக்கிறது. நாசிலுக்குள் எமனாக வந்த அதே குளோரைடு, அச்சடித்த பிறகு நண்பன். ஜெருசலேம் ஹீப்ரு பல்கலைக்கழகத்தில் ஷ்லோமோ மக்தாசியின் குழு 2011இல் சோடியம் குளோரைடை மையிலேயே மிகக் குறைந்த அளவில் கலந்தது. மை காயக் காய உப்பு செறிவாகி, துகளின் போர்வையைக் கழற்றி, அறை வெப்பத்திலேயே ஒட்டவைத்தது. கட்டி வெள்ளியின் கடத்துதிறனில் 41 சதவீதம்வரை எட்டினார்கள். நம் கையில் செய்ய எளிய வழி, காய்ந்த அச்சை நீர்த்த உப்புக் கரைசலில் கொஞ்ச நேரம் நனைத்து எடுப்பது. எல்லா மைக்கும் இது எடுபடாது, போர்வை எந்த வகை என்பதைப் பொறுத்தது. ஒரு மூலையில் சோதனைக் கோடு அடித்துப் பாருங்கள். எடுபட்டாலும் பிறகு டிமினரலைஸ்டு தண்ணீரில் அலசியே ஆக வேண்டும். மிஞ்சிய உப்பு ஐப்பசி, கார்த்திகையில் ஈரத்தை இழுத்துவைத்துக்கொண்டு வேறு வம்பு பண்ணும்.

மழைக்காலத்தில் மட்டும் தடை அதிகமாக வருகிறது என்று சொல்பவர்கள் காய்தலைக் கவனியுங்கள். வடகிழக்குப் பருவமழை நாட்களில் காற்றின் ஈரப்பதம் சர்வசாதாரணமாக 80 சதவீதத்தைத் தாண்டும். தண்ணீர் சார்ந்த மை வெளியே காய்ந்தது போலத் தெரிந்தாலும் உள்ளே ஈரமாகவே இருக்கும். அப்படியே 130 டிகிரிக்குள் தள்ளினால் உள்ளே இருக்கும் நீர் ஆவியாகிக் கோட்டைக் கொப்புளமாக உடைத்துக்கொண்டு வெளியே வரும். முதலில் 60 டிகிரியில் உலர்த்தி, பிறகு மெல்ல ஏற்றுங்கள்.

நானோ கம்பியில் தடை அதிகம் என்றால் கம்பியும் கம்பியும் தொடும் முனைகளில்தான் பிரச்சினை. தயாரிப்பில் மிஞ்சிய பிவிபி எனும் பாலிமர் நடுவில் நிற்கும். எத்தனாலில் அலசிய கம்பி, பிறகு மிதமான சூடு, கூடவே ஒரு உருளையால் அழுத்தம். சூட்டைத் தாராளமாகக் கொடுக்கக் கூடாது. 200 டிகிரியைத் தாண்டினால் மெல்லிய கம்பிகள் தாமாகவே முத்து முத்தாக அறுந்துவிடும்.

ஸ்கிரீனில் அடித்தால் ஓரம் பல் பல்லாக வருகிறது, நடுவில் ஸ்டென்சில் கரைகிறது

கும்பகோணத்திலும் தஞ்சாவூரிலும் கல்யாணப் பத்திரிகை, மஞ்சப்பை அடிக்கும் ஸ்கிரீன் கடைகள் இருக்கின்றன. ஃபிரேம் போட அங்கேயே கொடுக்கலாம், கூலியும் குறைவு. ஆனால் சொல்லிக் கொடுக்க வேண்டும். துணிப்பைக்குப் போடும் அகலக் கண் மெஷ்ஷில் மெல்லிய கோடு பல்லாகத்தான் வரும். நெருக்கமான மெஷ் கேளுங்கள், அதே சமயம் கண்ணின் அகலம் பசையில் உள்ள பெரிய துகளைப் போல மூன்று மடங்காவது இருக்கட்டும். எண்ணெய் மைக்குப் பழகிய கடைக்காரர் போடும் எமல்ஷன் (ஒளி பட்டு இறுகி, மெஷ்ஷில் ஸ்டென்சிலாகும் பூச்சு) தண்ணீரில் கரையும் வகையாக இருக்கலாம். தண்ணீர் சார்ந்த வெள்ளிப் பசையை அதில் இழுத்தால் நாலாவது இழுப்பிலேயே ஸ்டென்சில் போய்விடும். தண்ணீர் தாங்கும் எமல்ஷன் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

மழை நாளில் எமல்ஷனும் காயாது. பழைய கடைக்காரர்களிடம் கேட்டால் "ஃபேனுக்கடியில வச்சாலும் ஒட்டும் தம்பி, நாளைக்கு வாங்க" என்பார்கள். அவசரப்படுத்தாதீர்கள், நாளைக்கே போங்கள். ஈரத்தோடு ஒளி காட்டிய ஸ்டென்சில் கழுவும்போதே ஓரம் உதிர்ந்துவிடும்.

இழுத்தால் தடை ஏறுகிறது, விட்டால் பழைய அளவுக்கு இறங்க மறுக்கிறது

முதலில் கேட்க வேண்டியது, இழுபடக் கூடிய மையைத்தான் அடித்தீர்களா? சின்டர் ஆன நானோ துகள் கோடு உலோகத் தகடு மாதிரி. வளைத்தால் தாங்கும். சில சதவீதம் இழுத்தாலே விரிசல் விடும். அதையே இழுபட வைக்க வேண்டுமென்றால் கோட்டைப் பாம்பு வளைவாக வரைய வேண்டும். அப்போது இழுப்பு உலோகத்துக்குப் போகாமல் வளைவு விரிவதில் போய்விடும்.

நானோ கம்பி வேறு சாதி. களத்தில் பரப்பிய வைக்கோல் போல ஒன்றன்மேல் ஒன்று குறுக்கும் நெடுக்குமாகக் கிடப்பதால், இழுக்கும்போது சறுக்கிக்கொண்டே தொடர்பை விடாமல் வைத்திருக்கும். விட்டதும் அதே இடத்துக்குத் திரும்பாது, அங்கேதான் குழப்பம். வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஃபெங் ஷூவும் யோங் ஜூவும் 2012இல் வெளியிட்ட அளவீடு இதைத் தெளிவாகக் காட்டுகிறது. பிடிஎம்எஸ் மேற்பரப்பில் பதித்த வெள்ளி நானோ கம்பிப் படலத்தின் கடத்துதிறன் இழுக்கும் முன் சென்டிமீட்டருக்கு 8,130 சீமென்ஸ். 50 சதவீதம் இழுத்ததும் 5,285. பிறகு அதே அளவுக்குள் எத்தனை முறை இழுத்து விட்டாலும் ஏறக்குறைய அங்கேயே நின்றது.

ஆகவே முதல் இழுப்பில் ஏறிய தடை இறங்காவிட்டால் அது கோளாறே இல்லை. பட்டையை வேலைக்கு அனுப்பும் முன் பழக்கிவிடுங்கள். எவ்வளவு இழுத்து? இங்கேதான் பலரும் குறைத்துக் கணக்கிடுகிறார்கள். நாகஸ்வரக் கலைஞரின் மூச்சைப் பதிவுசெய்ய மார்பில் கட்டும் பட்டை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். மூச்சுக்கு மார்பு விரிவது கொஞ்சம்தான். பட்டையை மாட்டும்போதும் கழற்றும்போதும் இழுப்பதுதான் பெரிய இழுப்பு. அதைவிடச் சற்றுக் கூடுதலாக முன்பே இழுத்துப் பழக்கினால், வாசிக்கும்போது வரும் அளவு நம்பும்படி இருக்கும்.

பழக்கிய பிறகும் ஒவ்வொரு சுற்றிலும் தடை ஏறிக்கொண்டே போனால் மைக்ரோஸ்கோப்பில் பாருங்கள். கம்பிப் படலம் ரப்பரின் மேலே சும்மா உட்கார்ந்திருந்தால் உரியும். கம்பியை முதலில் கண்ணாடியில் பரப்பி, அதன்மேல் திரவ சிலிக்கோனை ஊற்றி, இறுகியதும் உரித்தெடுத்தால் கம்பிகள் ரப்பருக்குள் பாதி புதைந்து வரும். உரியும் தொல்லை குறையும். இழுக்கும்போது ஒரு அளவு, விடும்போது அதே நீளத்தில் வேறு அளவு என்றால் அது ரப்பரின் சோம்பல். மை மாற்றிப் பயனில்லை.

வயர் சேரும் இடத்தில் மட்டும் திரும்பத் திரும்ப அறுகிறது

சால்டரிங் அயனைக் கீழே வையுங்கள். உருகிய ஈயத்தில் உள்ள வெள்ளீயம் மெல்லிய வெள்ளிப் படலத்தைக் கரைத்துக் குடித்துவிடும், ஷீட்டும் உருகும். வெள்ளி கலந்த எபாக்ஸி, அல்லது ஷீட்டை அப்படியே செருகும் எஃப்பிசி கனெக்டர் (வளையும் சர்க்யூட் ஷீட்டுக்கான செருகி). இழுபடும் பட்டையில், கெட்டியான கனெக்டர் முடிந்து மெத்தென்ற ரப்பர் தொடங்கும் எல்லையில்தான் அறுக்கும். அந்த எல்லையில் கோட்டை அகலமாக்கி, பின்பக்கம் ஒரு துண்டுத் துணி ஒட்டி, அந்த இடம் இழுபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சில வாரங்களில் கறுத்துப்போகிறது

கந்தகம். வெள்ளி விளக்கு கறுப்பதும் இதனால்தான். நானோ அளவில் பரப்பு அதிகம், ஆகவே வேகமாகக் கறுக்கும். சாம்பிள்களை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி டப்பாவில் வைத்திருப்பார்கள். அந்த ரப்பரில் கந்தகம் இருக்கிறது, பேண்டு பட்ட இடம் கோடாகவே கறுத்திருக்கும். ஜிப் கவரில், சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். வயலில் வைப்பதென்றால், நீர் தேங்கிய சேற்றிலிருந்து ஹைட்ரஜன் சல்பைடு வரும். உளுந்துக்குச் சாம்பல் நோய் மருந்தாக நனையும் கந்தகம் தெளித்தால் கேட்கவே வேண்டாம். மேலே ஒரு பாலியூரித்தேன் பூச்சு கொடுக்காமல் வெறும் வெள்ளியை வயலுக்கு அனுப்பக் கூடாது.

வயலில் வைத்த இலை ஈர சென்சார் தானாக ஷார்ட் ஆகிறது

குலை நோயை முன்கூட்டி அறிய, சம்பா பயிரில் இலை எவ்வளவு நேரம் நனைந்திருக்கிறது என்று பதிவுசெய்யும் சென்சாரைப் பலர் முயல்கிறார்கள். சீப்புப் பல்போல இரண்டு வெள்ளி மின்முனைகள் கோத்துக்கொண்டிருக்கும். மார்கழிப் பனி விழுந்தால் இரண்டுக்கும் நடுவே மின்சாரம் கசியும். முதல் சில நாள் அருமையாக ஓடும். அப்புறம் வெயில் ஏறி இலை காய்ந்த பிறகும் 'ஈரம்' என்றே சொல்லும்.

மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் ஒரு பல்லிலிருந்து எதிர்ப் பல்லை நோக்கிக் கருத்த கிளை கிளையாக ஏதோ வளர்ந்திருக்கும். அது வெள்ளிதான். ஈரமும் ஒரே திசையில் நிற்கும் மின்னழுத்தமும் (டிசி) சேர்ந்தால், பாசிட்டிவ் முனையில் வெள்ளி அயனியாகக் கரைந்து, நெகட்டிவ் முனையில் படிந்து, அங்கிருந்து கிளைவிட்டு வளரும். 3.3 வோல்ட்டே போதும். சென்சாரை ஆர்டுயினோ (சின்ன கணினி போர்டு) ஐந்து வோல்ட் பின்னில் இருபத்திநாலு மணி நேரமும் மாட்டிவைத்தால் இது நடந்தே தீரும், மை எந்த நாட்டுடையதாக இருந்தாலும்.

செய்ய வேண்டியவை வரிசையாக: டிசி மின்னழுத்தத்தை நிறுத்துங்கள். இரண்டு பின்னை மாற்றி மாற்றி இயக்கி சதுர அலை கொடுங்கள், சராசரி பூஜ்யமாக இருக்கட்டும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு நொடி அளந்துவிட்டு மற்ற நேரம் இரண்டு முனையையும் போர்டின் கிரவுண்டில் (பூஜ்ய வோல்ட்) கட்டிவையுங்கள். பல்லுக்கும் பல்லுக்கும் இடைவெளியைக் கூட்டுங்கள். வெள்ளியின் மேல் கார்பன் மை ஒரு படலம் அடித்து முழுதாக மூடுங்கள். ஓரம் வெளியே தெரிந்தால் அங்கிருந்தே வளரும், ஆகவே கார்பன் பல் வெள்ளிப் பல்லைவிட இரு பக்கமும் சற்று அகலமாக இருக்க வேண்டும். மின்தேக்கு முறையில் (கசியும் மின்சாரத்துக்குப் பதில் மின்னூட்டம் தேங்கும் அளவைப் பார்ப்பது) அளக்கத் தெரிந்தவர்கள் முழு சென்சாரையும் பூச்சால் மூடிவிடலாம். வெள்ளி ஈரத்தைத் தொடவே தொடாது. எனக்குப் பிடித்தது இந்த வழிதான்.

ஏற்கெனவே கிளை வளர்ந்த சென்சாரை ஆல்கஹால் பஞ்சால் துடைத்தால் மீட்டரில் ஷார்ட் போய்விடும். ஆனால் பாசிட்டிவ் பல் அரித்து மெலிந்திருக்கும், அடுத்த பனிக்கு அது அறும். துடைத்து மறுபடி மாட்டாமல் புதிதாக ஒன்று அடித்துக்கொள்ளுங்கள்.